உட்பக்கம் புடைத்த வேலி

ஆடு முட்டினால் வேலி வெளிப்பக்கம்தான் புடைக்கும். இருபத்திரண்டு வருடமாகக் கம்பி வேலி போட்டுப் பிழைக்கிற தயாளனுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அனகாபுத்தூரில் ஹனீஃபா பாய் வீட்டுக் கொல்லைப்புறத்தில், அவன் போட்டு நாலே நாள் ஆன வேலி, ஆற்றைப் பார்த்த பக்கம், நடுவிலிருந்த இரண்டு தூண்களுக்கு இடையில் உள்நோக்கிப் புடைத்திருந்தது. பெரிய புடைப்பு இல்லை. வெளியிலிருந்து ஒரு ஆள் அலுப்போடு சாய்ந்து நின்றால் வலை எவ்வளவு வளையுமோ அவ்வளவுதான்.

முதல் நாள் போன் வந்தபோது நாயாக இருக்கும் என்றான் தயாளன். இழுத்து முறுக்கிக் கட்டிவிட்டுப் போனான். மறுநாள் அதே இடம், அதே புடைப்பு. ஆற்றோரம் மேய்கிற எருமையாக இருக்கும் என்றான். எருமை நின்றால் சாணி இருக்கும், குளம்படி இருக்கும். வெளியே காய்ந்து வெடித்த களிமண்தான் இருந்தது. மூன்றாம் நாளான இன்று அவனிடம் சொல்வதற்கு ஒரு மிருகமும் மிச்சமில்லை.

பக்ரீத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பம்மலில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஹனீஃபா வருடத்துக்கு ஒரு முறை, சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் குர்பானிக்கு ஆடு பிடித்துவந்து வீட்டிலேயே வளர்த்துக் கொடுப்பார். இந்தத் தடவை பதினெட்டு ஆடு. கொல்லையின் முக்கால்வாசி இடம் அவற்றுக்குத்தான். ஆனால் மூன்று நாளாக அவை ஆற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, வீட்டுச் சுவரோடு சுவராக ஒண்டிக் கிடக்கின்றன, தழை அந்தப் பக்கம் போட்டால் பட்டினி கிடக்கின்றனவே தவிர போய்த் தின்பதில்லை என்று அவர் மனைவி ஷபீனா சொன்னாள். சாயங்காலமானால் அங்கே யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி கேட்கிறது என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, தன்னைத்தானே கடிந்துகொள்கிறவள் போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஹனீஃபா பொறுமைசாலி. ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் கறாராகவே பேசினார்.

"தயாளா, வலைய கழட்டி வெளிப்பக்கமா கட்டிடு. வெளிலேந்துதான தள்ளுது?"

"ஆட்டுக்கு உள்பக்கம் கட்றதுதான் பாய் வழக்கம்."

"வழக்கம் எனக்கும் தெரியும்பா. அல்லாவுக்குன்னு நேந்த ஆடு. ஒண்ணு காணாமப் போனாலும் நான் இன்னான்னு பதில் சொல்வேன்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. வேலித் தொழிலில் முதல் பாடமே அதுதான். தள்ளுகிற பக்கம் எதுவோ, தூணுக்கு அந்தப் பக்கம் வலையைக் கட்ட வேண்டும். உள்ளே ஆடு இருந்தால் உள்பக்கம். அப்போது ஆடு முட்ட முட்ட வலை தூணில் போய் அழுந்தும், இன்னும் இறுகும். மாற்றிக் கட்டினால் தள்ளுகிற பாரமெல்லாம் கட்டுக்கம்பியின் தலையில் விழும். நாலு தள்ளில் ஒவ்வொரு கட்டாகத் தெறித்து, வலை பாயைப் போலக் கீழே விழுந்துவிடும். வெளியிலிருந்து தள்ளினால் வெளிப்பக்கம் கட்டு என்று ஹனீஃபா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்குள் கட்டிவிடுகிறேன் என்று தயாளன் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட பிறகும் கருவிப் பையைத் தொடவில்லை.

ஏனென்றால் ஒரே ஒரு முறை அவன் அப்படிக் கட்டியிருக்கிறான். பத்து வருடத்துக்கு முன்னால், இதே ஆற்றங்கரையில், இங்கிருந்து மூன்று சந்து தள்ளி ஒரு மாடி வீட்டுக்கு. எருமைகள் வந்து உரசுகின்றன, வெளிப்பக்கம் இறுக்கிக் கட்டு என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவனோடு வேலைக்கு வந்தது அவன் மனைவி சந்திரிகா. கூலிக்கு ஆள் பிடிப்பதைவிடத் தன் பெண்டாட்டி கட்டுக்கம்பி நறுக்கித் தந்தால் வேலை சிரிப்பும் பேச்சுமாக ஓடும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போவான். ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன கேட் வைத்துக் கட்டுய்யா என்றாள் அவள். ஆற்றுப் பக்கத்திலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தான் அவன்.

அந்த வருட வெள்ளத்தில் அவள்தான் வந்தாள். கரையோரக் குடிசையில் இருந்த அக்காவைக் கூட்டிவரப் போனவளை ஆறு அடித்துக்கொண்டு வந்து அந்த வேலியில் சேர்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மேடு, மாடிப்படி, மொட்டைமாடியில் ஜனம். அவள் வலையைப் பிடித்துக்கொண்டு தள்ளியிருக்கிறாள். அவள் தள்ளினாள், பின்னாலிருந்து ஆறும் தள்ளியது. தள்ளத் தள்ள வலை தூணில் அழுந்தி இறுகிக்கொண்டே போனது. இருட்டில் ரொம்ப நேரம் சத்தம் கேட்டதாக மாடியில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது அவள் விரல்கள் வலையை விடவில்லை. தயாளனே கட்டிங் பிளேயரால் விரல் கோத்திருந்த கண்ணிகளை நறுக்கி அவளை எடுத்தான். இடது கைக்கு நாலு கண்ணி, வலது கைக்கு நாலு கண்ணி. எட்டு.

இதில் தாங்க முடியாதது என்னவென்றால், அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தொழில் கூடியது. அந்த வெள்ளத்தில் சுற்றுச்சுவரெல்லாம் விழுந்தபோது தயாளன் போட்ட வேலி மட்டும் நின்றது என்று பொழிச்சலூரிலிருந்து கீழ்க்கட்டளை வரைக்கும் பேச்சு. கோழிக்கு, ஆட்டுக்கு, வீட்டு மனைக்கு என்று தேடிவந்து கூப்பிட்டார்கள். அவன் போனான், போட்டான், சாப்பிட்டான். இந்தக் கையால்தானே என்று நினைக்காமல் ஒரு வாய் சோறு இறங்கியதில்லை.

மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹனீஃபா தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். ஷபீனா உள்ளே தொழப் போனாள். தெருவில் பிள்ளைகளின் சைக்கிள் மணியும், எங்கோ ஒரு தறியின் சத்தமும், மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் ஓட்டுக்கூரைகளை உரசுகிற மாதிரி தாழப் பறந்த இரைச்சலும், கொல்லையில் ஆட்டு மூத்திர வாடையும் வேப்பந்தழை வாடையுமாக, பார்த்துப் பழகிய சாயங்காலம்தான் அது. விமானம் போய்விட்டது. அது போன பிறகு தறிச் சத்தம் திரும்பிவரவில்லை. சைக்கிள் மணியும் வரவில்லை.

தயாளன் பையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தான். பதினெட்டு ஆடுகளும் சுவரோரம் நெருக்கியடித்து நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பி அவன் போவதைப் பார்த்தன.

புடைப்புக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் கட்டைத் தொட்டான். ஈரம். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வலை முழுக்க நனைந்து, கம்பி வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழே தூசியில் சொட்டுச் சொட்டாகக் குழி விழுந்துகொண்டிருந்தது. சேற்று வாடை அடித்தது. வெயில் கால ஆற்றின் சாக்கடை நாற்றம் அல்ல. புதுத் தண்ணீர் மண்ணைப் புரட்டிக்கொண்டு வரும்போது அடிக்கிற வாடை. பத்து வருடமாக அவன் மூக்கிலிருந்து போகாத வாடை.

மெல்ல நிமிர்ந்து பார்த்தான். புடைப்பின் நடுவில், நெஞ்சு உயரத்தில், சில கண்ணிகள் மட்டும் இழுபட்டு அகன்றிருந்தன. எண்ண வேண்டாம் என்று நினைத்தான். எண்ணினான். இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் நாலு.

வலை அசைந்தது. வெளியே யாருமில்லை. கம்பி முனகியது. புடைப்பு இன்னும் ஒரு விரற்கடை உள்ளே வந்தது. மூச்சு கேட்டது. தண்ணீர் குடித்த மூச்சு. ஒரு கட்டு தெறித்து அவன் கன்னத்தில் பட்டது.

வெளிப்பக்கம் போய்க் கட்ட வேண்டும். அப்படித்தான் ஒப்புக்கொண்டிருந்தான். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவளைச் சேர்த்து வைத்து, இறுக்கி. அதை நினைத்தபோது அவனுக்குப் பயத்தைவிட அழுகைதான் முன்னால் வந்தது. ஆடு போனால் போகட்டும், பாய் அடித்தால் அடிக்கட்டும், இனி இந்த ஊரில் ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடாவிட்டால் போகட்டும்.

"இரு சந்திரிகா. அவுத்துடறேன்."

நறுக்கினான். மேலே, கீழே, நடுவே. பிளேயர் வழுக்கி விரலைக் கிழித்தது. நிற்கவில்லை. கடைசிக் கட்டு அறுந்ததும் வலை சரிந்து, பெரிய ஓசையோடு மண்ணில் விழுந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவே பத்தடி அகலத்துக்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் கரை, முள்செடி, ஆறு, சாம்பல் நிற வானம். காற்று தாராளமாக உள்ளே வந்தது.

ஆடுகள் ஓடவில்லை. அவன் ஒதுங்கி வழிவிட்டு நின்றான்.

"வாம்மா. தொறந்துதான் கீது."

சொட்டு நிற்கவில்லை. வலை தரையில் கிடந்தது. தண்ணீரோ அந்தரத்தில், நெஞ்சு உயரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். வெளிச்சம் மங்க மங்க, அங்கே இருந்தது துலங்கியது. முதலில் விரல்கள். எட்டும். வெளுத்து, ஊறி, எதையோ பிடித்து மடங்கியிருந்தன. பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. பிறகு முகம். நெற்றியிலும் கன்னத்திலும் குறுக்கு நெடுக்காகக் கோடு அழுந்தி, கோட்டுக்குக் கோடு தசை பிதுங்கி, திறந்த வெளியில் சாய்ந்திருந்தது. அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. பாரு, ஒண்ணுமே இல்ல. வா."

கையை நீட்டினான். அவளுடைய விரலைப் பிடிக்க.

உள்ளங்கை கம்பியில் இடித்தது.

சில்லென்று, விறைப்பாக, கண்ணி கண்ணியாக. கண்ணுக்குத் தெரியவில்லை. கை அதன் மேல் இருந்தது. தள்ளினான். பிளேயரால் கடித்தான். பிளேயர் காற்றைக் கடித்தது. மறுபடி கையால் தடவினான். இருந்தது. தூணிலிருந்து தூண் வரை, எட்டின உயரம் வரை.

அவள் கண் அவனைப் பார்த்துவிட்டது. அடையாளம் தெரிந்த கண். அவள் வாய் திறந்தது.

அந்தப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் இடுப்புக்கு. நெஞ்சுக்கு. பிறகு, அவன் பார்க்கப் பார்க்க, வாய்க்கு.