ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு கட்டம்

"அம்மா முகத்தை அழிச்சிடுங்கப்பா. இல்லன்னா என் கல்யாணத்துக்கு வேற ஆள் வந்து படம் எடுக்கட்டும்."

மாடி ஸ்டுடியோவில் மகள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. யாரும் ஒட்டுக்கேட்கவில்லை; ஜன்னல் திறந்திருந்தது, எங்கள் காதும் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்பா போட்டோகிராபர். துக்க வீட்டில்கூட வாய்தவறி "கொஞ்சம் சிரிங்க" என்று சொன்னவர். தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவருடைய ஃபுல் ஃபிரேம் காமிரா அரையிருட்டிலும் கண்ணிமை மயிரைத் தனித்தனியாகக் காட்டும். ஒரு முகத்தை அதில் பதிந்து வைத்தால், எத்தனை பேர் நின்றாலும் காமிராவின் பின்பக்கத் திரையில் அந்த முகத்தின்மேல்தான் மஞ்சள் கட்டம் விழும்; ஃபோகஸும் அங்கேதான். வாங்கிய அன்றே ஆசையாக மனைவி முகத்தைப் பதிந்து தொலைத்தார். அப்புறம் எங்கள் வட்டாரத்து ஆல்பங்களில் மணப்பெண் மங்கலாகவும், பின்னால் லைட்டைப் பிடித்தபடி வியர்த்து நிற்கும் போட்டோகிராபர் மனைவி பளிச்சென்றும் இருப்பார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தாள். கட்டம் போகவில்லை. ஸ்டூலில் மகளை உட்காரவைத்தால், அவளை விட்டுவிட்டு அவள் தோளுக்குப் பின்னால், வெறும் காற்றில் போய் மஞ்சளாக நின்றது. மகள் மங்கினாள். சண்டை அதற்குத்தான்.

மகள் கதவை அறைந்துவிட்டு இறங்கிப் போனதும், மழை ஓட்டில் விழும் சத்தமும், சூடான விளக்கில் தூசி கருகும் வாசனையும், பின்னணித் திரை காற்றில் மெல்ல மூச்சுவிடுவதுபோல் உப்பி அடங்குவதுமாக, அந்தச் சாயங்காலம் அவரை நெருக்கிக்கொண்டு வந்தது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தார். காலி ஸ்டூல். காமிராவின் பின்பக்கத் திரையைப் போட்டதும் உள்ளே கண்ணாடி டக்கென்று எழுந்தது. ஸ்டூலுக்குப் பின்னால் மஞ்சள் கட்டம், யாரோ பொறுமையாகக் காத்திருப்பதுபோல.

"கொஞ்சம் சிரியேன்" என்றார். மெனுவுக்குள் போய் அவள் முகத்தை அழித்தார். குழந்தைபோல் அழுதார்.

மகள் மனம் கேட்காமல் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அம்மாவை அழிக்க எனக்கு மட்டும் ஆசையாப்பா?" என்று முணுமுணுத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவள் முகத்தில் வெள்ளைக் கட்டம் விழுந்தது. பதியாத முகங்களுக்கு வெள்ளைதான். அவருக்கு மூச்சு வந்தது.

பிறகு இன்னொன்று. திரையோரத்தில். சின்னதாக. வெள்ளை.

மனைவி நின்ற இடத்துக்கு வந்தது. பெரிதானது. முகம் நெருங்கினால் கட்டம் பெரிதாகும். அது அவருக்குத் தெரியும். மகளின் தலைக்கு மேல் வந்து நின்றது. அவள் கட்டத்தைவிடப் பெரிது.

மனைவி இருந்தவரை காமிரா வேறு யாரையும் பார்த்ததில்லை. இத்தனை நாளும் அவள்தான் அதற்கும் மகளுக்கும் நடுவில் நின்றிருக்கிறாள்.

அன்றிரவு சுவரிலிருந்த மனைவி படத்தைக் கழற்றி லென்ஸுக்கு முன்னால் பிடித்தார். மறுபடி பதியவேண்டும். கட்டம் விழவில்லை. அருகில் கொண்டுபோனார். விழவில்லை. காமிராவுக்கு அது இப்போது முகமே இல்லை.

மகளிடம் என்னவென்று சொல்வது? சொல்லவில்லை. கல்யாணப் படங்களில் பெண் அத்தனை பளிச்சென்று விழுந்ததாகத் தெருவே மெச்சியது. மகள் புருஷனோடு வெளிநாடு போய்விட்டாள். ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு அவரும் தம்பி வீட்டோடு போய்ச் சேர்ந்தார். காமிராவை வாங்கியவர் அது தங்கமாக வேலை செய்கிறது என்கிறார். காலி அறையில் எந்தக் கட்டமும் வருவதில்லையாம்.

வராது. மகளை வழியனுப்பிய அன்று, கார் கிளம்பும் முன் அப்பா கடைசியாக ஒரு படம் எடுக்கக் காமிராவைத் தூக்கினார். பின்சீட்டில் மாப்பிள்ளைக்கு ஒரு கட்டம். மகளுக்கு ஒரு கட்டம். இருவருக்கும் நடுவில் இன்னொன்று, மெதுவாக மகள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் சிரிங்கப்பா."