இருபத்து மூன்றாம் போர்ட்

மூன்றாவது முறையும் இணைப்பின் வேகம் ஆயிரம் மெகாபிட்டிலிருந்து பத்துக்கு விழுந்திருந்தது.

"உனக்கு என்னதான் கேடு?" என்று நெட்வொர்க் இன்ஜினியர் அலமாரியிலிருந்த, கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்சுப் பெட்டியைத் திட்டினாள். மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள் ஏசியின் இரைச்சலும் சூடான பிளாஸ்டிக் வாடையும், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஈரமண் வாடையும் கலந்து கிடக்க, ஒயர் செருகும் மற்ற போர்ட்டுகளின் விளக்குகளெல்லாம் பச்சையாகப் படபடத்தன. ஸ்கேன் அறையின் ஒயர் செருகியிருந்த இருபத்து மூன்றாவது மட்டும் மஞ்சளாக, மெதுவாக, தூங்குகிறவர் மூச்சு விடுவதுபோல் மின்னியது.

ஸ்பீக்கரில் போட்டிருந்த போன் பேசியது. ஸ்கேன் அறைக்காரர். "என்னம்மா, படம் நகரவே மாட்டேங்குது?"

"பாத்துக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."

"மாடியிலேர்ந்து விழுந்த பொண்ணும்மா. ஒம்போது வயசு. அந்தப் பக்க கட்டடத்துல டாக்டர் கத்தியோட நிக்கிறார். படம் பாக்காம எப்படித் தலையத் திறப்பார்?"

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. லேப்டாப்பில் வேகம் ஆயிரம் என்று மறுபடி அடித்தாள். ஒரு நிமிடம் ஆயிரத்தில் நின்றது. பிறகு பத்து. தானாகத் தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டாள். பத்து. ஒயரை மாற்றினாள். பத்து. யாரோ வேண்டுமென்றே மாற்றுகிறார்கள் என்று ஸ்விட்சின் பதிவேட்டை லேப்டாப்பில் திறந்தால், ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு இருந்தது. மாற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

"எக்கேடோ கெட்டுப் போ." ஒயரைப் பிடுங்கி, நேர் கீழே சும்மா கிடந்த இருபத்து நான்கில் செருகினாள்.

ஆயிரம். அசையாமல் நின்றது.

"போகுதும்மா!" ஸ்கேன் அறைக்காரரின் குரல் துள்ளியது. "நீ நல்லா இருப்பே. நானூறு படம், அஞ்சு நிமிஷம் போதும்."

அவள் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. இருபத்து மூன்று இன்னும் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது.

அதில் ஒயர் இல்லை.

செல்போன் வெளிச்சத்தை அந்தச் சதுர ஓட்டைக்குள் அடித்தாள். மண்வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே தங்க நிறக் கம்பிகள் தெரியவில்லை. ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. வெளிறி. ஈரமாக.

அது அசைந்தது.

விரல் நுனி. நகத்தில் மண். ஓட்டையைவிடப் பருத்த விரல், பிதுங்கிப் பிதுங்கி வெளியே வந்தது. கீழ்ப்பக்கம் வளைந்தது. தடவியது. இருபத்து நான்கில் இருந்த ஒயரின் கொக்கியைத் தேடிப் பிடித்து, அழுத்தியது.

க்ளிக். ஒயர் கழன்று தொங்கியது.

"அம்மா! நின்னுடுச்சு! பாதியில நின்னுடுச்சு!"

ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் கை முந்திக்கொண்டது. ஒயரை மறுபடி செருகி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

"வருதும்மா... வருது. என்ன பண்ணுனியோ, அப்படியே வச்சிரு."

"எவ்வளவு நேரம்ணே?"

"நாலு நிமிஷம்."

விரல் அவள் கட்டைவிரல் மேல் வந்து படிந்தது. கதகதப்பாக இருந்தது. ஒருமுறை தடவிப் பார்த்தது. மெல்லச் சுற்றிக்கொண்டது.

மேல் வரிசையில், பக்கத்திலிருந்த இருபத்தொன்றாம் போர்ட்டின் ஒயர் தானாகக் கழன்று விழுந்தது. அந்த ஓட்டையிலும் ஒரு நகம்.