உறையில் ஒரு கீறல்கூட இல்லை

காலையில் வாய் கொப்பளிக்கும்போது பல்லுறையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் தனுஜா. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் இரவில் மாட்டிக்கொள்வதற்காகத் தலவாக்கலையில் டொக்டரம்மா செய்து கொடுத்த உறை அது. வாங்கிய புதிதில் விடிந்தால் போதும், எலி கறும்பியது மாதிரி அதில் தடம் பதிந்திருக்கும். இன்று ஒரு கீறல்கூட இல்லை. சந்தோஷத்தோடு அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் ராசம்மா வாளியோடு வந்தாள்.

“என்னா புள்ள, ராத்திரி முழுக்க நறநறன்னு கடிச்சிக்கிட்டே கெடந்த? எங்க வூட்டுக்காரரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு.”

“நானாக்கா?”

“பின்ன நானா? எனக்குக் கடிக்கப் பல்லு ஏது?” என்று பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தாள் ராசம்மா.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டிக் கிடக்கும்; நடுச்சுவர் கூரை வரை எழும்பாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் நூறாயுசு சொல்வார்கள். அதனால் பல்லைக் கடிப்பது தனுஜாதான் என்பது ஊரறிந்த சங்கதி. போன மழையில் மலை சரிந்து மேல் லயத்தை மூடிய பிறகு அவளுக்கு வந்த பழக்கம் அது. மண்ணுக்குள் போனவர்களில் சிலரை இன்னும் எடுக்கவில்லை. இங்கே இருந்தால் ஆபத்து என்று சொல்லி எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று அங்கிருந்தும் கிளப்பினார்கள். வேறு போக்கிடம்? பழைய லயத்துக்கே திரும்பி வந்தார்கள். புருஷன் விஜிதரன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். நாலு வயது சுலக்ஷனாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளையையும் மலை எடுத்துவிடுமோ என்ற ஒரே பயத்தோடுதான் தனுஜா ஒவ்வொரு இரவும் கண்ணை மூடினாள்.

“அந்தப் பயந்தான்மா பல்லுல வருது,” என்று உறையைக் கொடுத்த அன்றே சொல்லியிருந்தாள் டொக்டரம்மா. “மலை அதுபாட்டுக்கு நிக்குது, நீங்க யோசிக்காதீங்க. உறையப் போடுங்க. படுக்குமுந்தி தாடைக்குச் சுடுதுணி ஒத்தடம் குடுங்க. பகல்ல ஒதடு மூடியிருக்கட்டும், பல்லோட பல்லு முட்டக் கூடாது. பொழுது சாஞ்சா தேத்தண்ணி வேணாம்.”

கொழுந்து பறிப்பவளிடம் தேத்தண்ணி குடிக்காதே என்றால் நடக்கிற காரியமா? தனுஜா அதையும் விட்டாள். சொன்ன எல்லாவற்றையும் செய்தாள். தாடை வலி விட்டது, காதோரக் குத்தல் போனது. அப்படியானால் ராசம்மா கேட்டது எதை?

அன்றிரவு உறையை மாட்டிக்கொண்டு தூங்காமல் படுத்திருந்தாள். அடுப்பில் அவிந்த விறகின் புகையும், காயாத கம்பளியின் வாடையும், கதவிடுக்கால் நுழைந்த பனியின் ஈரமும் கலந்து மூக்கில் ஏற, தகரத்தில் இருந்து விட்டுவிட்டுச் சொட்டும் தண்ணீரையும் சுவருக்கு அப்பால் ராசம்மா விடும் குறட்டையையும் பிள்ளையின் மூச்சையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவற்றுக்கு நடுவே அது தொடங்கியது. சோற்றில் அகப்பட்ட கல்லைக் கடித்தது போல ஒரு சத்தம். பிறகு நிதானமாக இன்னொன்று.

விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். பல்லும் பல்லும் முட்டவில்லை. குனிந்து பிள்ளையின் வாயருகே காதை வைத்தாள். வெறும் மூச்சுதான். ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. கைப்பேசி வெளிச்சத்தைச் சுவரெல்லாம் ஓட்டினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

கடைசியில் சிமெந்துத் தரையில் காதை வைத்தாள்.

சத்தம் நின்றது. கீழே எதுவோ அவளைக் கவனிப்பது போல இருந்தது. பிறகு, சரியாக அவள் காதுக்குக் கீழே, மறுபடியும் மெல்லத் தொடங்கியது. அந்த அதிர்வு கன்னத்தில் ஏறிப் பல்லுக்குள் இறங்கியது. அவளைக் கேளாமலே தாடை மூடிக்கொண்டது.

எல்லாரையும் எழுப்ப வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாயைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. உறை படாரென்று உடைந்தது. நாக்கில் ரத்தம் கரித்தது. கத்தினாள். முனகல்தான் வந்தது.

சுவருக்கு அப்பால் ராசம்மா புரண்டு படுத்தாள். “கடிக்காத புள்ள... செத்த தூங்க வுடு.”

சுவரைக் குத்தினாள் தனுஜா. மறுபடி குறட்டை.

பிள்ளையைத் தூக்கத் திரும்பினாள். பிள்ளை படுத்திருந்த பாய் பக்கத்தில் இல்லை. தானாகவே நகர்ந்து மலைப்பக்கச் சுவரடிக்குப் போயிருந்தது. வெளிச்சம் காட்டினாள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு பிளவு. உள்ளே ஈரச் செம்மண். அதில் மேலும் கீழுமாக வரிசை வரிசையாய் வெள்ளைக் கற்கள்.

பிளவு மூடியது. திறந்தது. மூடியது.

கைப்பேசியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிள்ளையை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தலை சுவரோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நறநறப்புக்கும் இன்னும் கொஞ்சம் ஒட்டியது.

சுலக்ஷனா கண்ணைத் திறக்காமலே சிணுங்கினாள்.

“அம்மா... சடைய இழுக்காதம்மா.”

தனுஜாவின் இரண்டு கைகளும் பிள்ளையின் இடுப்பில் இருந்தன.