உடன்குத்து

முப்பத்தெட்டு நாட்களில் பூங்கோதை பத்தொன்பது முறை ரத்தம் கொடுத்திருந்தாள். செவ்வாயின் தென்துருவக் குடியிருப்பில் யாரும் இதற்கு வியப்பதில்லை. பயிற்சி மருத்துவர் நோயாளிக்கு ஒரு சோதனை எழுதினால், அதேபோலத் தானும் ஊசி குத்தி ரத்தம் கொடுக்க வேண்டும். விதியின் பெயர் உடன்குத்து.

சோதனைத் திரவம் பூமியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று அஞ்சிப் பயிற்சி மருத்துவர்கள் எல்லாவற்றையும் எழுதித் தள்ளியதில், ஒருமுறை ஏழே மாதத்தில் கையிருப்பு தீர்ந்துபோனது. உடன்குத்து வந்த பிறகு மருத்துவர்கள் நோயாளியிடம் பேசக் கற்றுக்கொண்டார்கள். பூங்கோதை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள்.

தேவையற்ற சோதனை இருபதைத் தொட்டால் பயிற்சி ரத்து. அடுத்த விண்கலத்தில் பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அன்று காலை சுரங்கத் தொழிலாளி சூசை, கணுக்கால் சுளுக்கிக்கொண்டு வந்தார். அவள் புற்றுநோயைக் கண்டறியும் புற்றறி சோதனை எழுதினாள்.

"ஏம்மா, கால்ல சுளுக்குன்னா கையில குத்துவீங்களா? நாளைக்குத் தலைவலின்னு வந்தா பல்லைப் புடுங்குவீங்க போல."

ஊசி ஏந்திய எந்திரக் கையான குருதிக்கரம் சுவரிலிருந்து அவர் பக்கம் நீண்டது. உள்ளே வந்த தலைமை மருத்துவர் இருதயராஜ் அதை நிறுத்தினார். காலுக்குக் கட்டுப் போட்டு, சூசையை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது இருபதாவதும்மா. நான் இன்னும் பதிவு பண்ணல. யார் வந்தாலும் இதே சோதனை. ஏன்?"

"பயமா இருக்கு, சார்."

"பயம் யாருக்குத்தான் இல்ல? நானும் பயந்து பயந்து எழுதினவன்தான். அதுக்காகச் சுளுக்குக்கா?"

அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். "சார், என்கிட்ட எடுக்குற ரத்தத்துல ஏதாவது தப்பா இருந்தா கரம் சொல்லிடும்ல?"

"உன் ரத்தமா? அதை யாரு சோதிக்கிறா? திரவத்துக்கே இங்க பஞ்சம். குத்தினா வலிக்கும், வலிச்சா எழுத மாட்டீங்க, அவ்வளவுதான் விதி. எடுத்ததும் வடிகால்ல விட்டுடும்."

பூங்கோதை முக்காலியில் உட்கார்ந்தாள். குருதிக்கரம் ஒன்றும் சொல்லாமல் சுவருக்குள் திரும்பிய ஒவ்வொரு நாளும் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டிருந்தாள். இரண்டு நாளில் அந்த நிம்மதி கரைந்துவிடும், மறுபடி எழுதுவாள். தனக்கென்று சோதனை கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வாய் வரவில்லை.

"யாருமே பாக்கலையா, சார்?"

இருதயராஜ் அவள் முழங்கையில் இருந்த ஊசித் தடங்களைப் பார்த்தார். நோயாளிகளிடம் முதலில் கேட்கும்படி அவர் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த கேள்வியை இவளிடம் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உடம்புக்கு என்னம்மா பண்ணுது?"

"மார்புல ஒரு கட்டி இருக்கு, சார்."