மூச்சு வாங்காத மனிதர்

ராஜாராமனுக்கு வியர்க்கவில்லை. டிரெட்மில்லின் ஏற்றத்தையும் வேகத்தையும் இரண்டு முறை கூட்டியாயிற்று. அறுபது தாண்டிய மனிதர், சட்டையில்லாத மார்பில் ஒயர்கள் ஆட விறுவிறுவென்று நடக்கிறார், நெற்றியில் துளி ஈரமில்லை. திரையில் அவருடைய இதயத் துடிப்பு எழுபத்திரண்டில் நின்றது. படுக்க வைத்துப் பார்த்தபோதும் அதே எழுபத்திரண்டுதான்.

ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு இனிப்புக் கடையின் மாடியில் இருந்த அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேதவல்லிக்கு இதுதான் வேலை. டெஸ்ட் நடக்கும்போது அறையில் டாக்டர் இருக்கவேண்டும் என்பது விதி. டாக்டர் சாயங்காலம் வந்து எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவார் என்பது நடைமுறை. தினமும் காலையில் ஒயர் மாட்டும் ஸ்டிக்கர்களைத் தன் மார்பில் ஒட்டி மெஷினைச் சரிபார்ப்பாள். இன்று டப்பாவில் மிச்சமிருந்ததே அந்த ஒரு செட்தான். திங்கட்கிழமைதான் புதுசு வரும் என்று மேனேஜர் பாபு கையை விரித்துவிட்டார். அவளும் தன் மேலிருந்து உரித்ததையே, அதன் சூடு ஆறுவதற்குள், டேப் போட்டு ராஜாராமன் மேல் ஒட்டிவிட்டாள். அந்தக் கூடத்தில் இது ஒன்றும் புதிதல்ல.

ஒயர் ஏதோ கழன்றிருக்கும் என்று எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூச்சு இரைத்தது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு முதுகெல்லாம் வியர்த்து, கழுத்து நரம்பு காதுக்குள் கேட்கும்படி அடித்தது, கீழேயிருந்து வந்த நெய் வாசனை குமட்டியது, விரல்கள் சில்லிட்டு மரத்துப்போயின. தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். நூற்று நாற்பதுக்கு மேல்.

பயம்கூட உடனே வரவில்லை. பாடம்தான் வந்தது. உட்கார்ந்திருப்பவரின் இதயம் நிதானமாக அடிக்கும். நடந்தால் தொடைத் தசைகள் ரத்தம் கேட்கும். வயிற்றுக்குப் போகும் குழாய்கள் சுருங்கும், கால்களுக்குப் போகிறவை விரியும், இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் இறைக்கும். இறங்கிய ரத்தத்தைக் கெண்டைக்கால் தசைகள் பிழிந்து பிழிந்து மேலே அனுப்பும். அவள் கால்களோ அசையவில்லை. இறங்கியது இறங்கியபடியே தங்கிவிட்டது. செருப்புக்குள் பாதங்கள் கனத்தன.

சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வு ஒன்றைச் சுருக்கியிருந்தது. ஓடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். அவள் பஸ்ஸுக்காகக்கூட ஓடியதில்லை. உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடிக்கொண்டதும் அதனால்தான்.

"என்னம்மா இது, காத்துல மிதக்கிற மாதிரி இருக்கு," என்றார் ராஜாராமன். "இன்னும் ஏத்துங்க."

"போதும் சார்."

"நக்கோம்மா, நக்கோ, நிறுத்தாதீங்க. ரெண்டு வருஷமா மாடிப்படியைக் கண்டாலே பயந்துட்டுக் கெடந்தேன். இப்ப பாருங்க!"

மரத்த விரலால் ஸ்டாப்பை அழுத்தினாள். பட்டை நின்றது. அவள் மார்புக்குள் அடித்துக்கொண்டதும் மெல்ல, மிக மெல்ல இறங்கியது.

ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க மட்டும்தான் முடிந்தது, நிம்மதி வரவில்லை.

"சார், டாக்டர் பார்க்கிற வரைக்கும் ஓடாதீங்க. வேகமா நடக்கவும் வேணாம்."

"ஹவ், ஹவ்," என்று தலையாட்டிச் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். "இருபது வயசு கொறஞ்சாப்ல இருக்கு. கும்பிடறேம்மா."

வேறென்ன சொல்வது? உங்கள் கால்கள் என் இதயத்தில் நடக்கின்றன என்றா? அவளே நம்பவில்லை.

கதவு மூடியது. படிகளின் சத்தம் உள்ளே கேட்காது. ஆனாலும் அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. மார்பில் தெரிந்தது.

பாபு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், ஆள் போனதும் ரெஸ்ட்டா? நடக்கட்டும், நடக்கட்டும்." வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை. போய்விட்டார்.

சுவரைப் பிடித்து ஜன்னலுக்கு வந்தாள். கீழே ரோடு. காலை வெயில். ஆட்டோக்கள். கூட்டத்தில் ராஜாராமனின் வெள்ளைச் சட்டை.

நடக்கிறார். நடக்கத்தான் செய்கிறார்.

நிறுத்தத்திலிருந்து ஒரு பஸ் கிளம்பியது. அவர் தலையைத் திருப்பினார்.

வேண்டாம்.

ஓட ஆரம்பித்தார்.

அடித்தது. எண்ண முடியாதபடி. கால்களை அசைக்கப் பார்த்தாள். அவை அவளுடையவை போலவே இல்லை. இருமினாள். உள்ளங்கையில் இளஞ்சிவப்பாக நுரை. வலியில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஓடிக்கொண்டே ராஜாராமன் மாடியை அண்ணாந்து பார்த்தார். அவளைக் கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பாகக் கையை வீசிக் காட்டினார்.

பஸ் நிற்கவில்லை. அவரும் நிற்கவில்லை.