பாதிக் காற்று

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன் எல்லாரும் வராந்தாவில் நின்று ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டார்கள். உவரிக் கடற்பாசி ஆய்வகத்தில் அது வழக்கம். செவ்வாய்க் கிரகத்தில் இருபது ஆண்டுகள் இருந்து திரும்பிய டாக்டர் நெல்லையப்பனுக்கு ஊர்க்காற்று ஒத்துக்கொள்ளாது என்று இயக்குநர் சுப்பையா முடிவு செய்திருந்தார். அதனால் கூட்ட அறையின் காற்றளவைக் கட்டுப்படுத்தும் வளித்திருகியைத் திருகி, செவ்வாயில் இருப்பதுபோல் காற்றைப் பாதியாக்கிவிடுவார். நீளமாகப் பேசினால் கண் இருட்டும்.

பாசி ஆய்வாளர் ஜெசிந்தா தன் எதிர்ப்பைச் சுருக்கிக்கொண்டே வந்திருந்தாள். அவள் வளர்த்த நாட்டுப் பாசிப் படுகையை அழித்து, நெல்லையப்பன் செவ்வாயிலிருந்து கொண்டுவந்த விதையைப் போட இன்று தீர்மானம். அந்த விதை சித்திரை மாதக் கடல்சூட்டில் வெந்துவிடும். அதை ஐந்து சொல்லில் அடக்கியிருந்தாள். ஒவ்வொரு சொல்லையும் வெட்டும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று வாயை மூடிக்கொண்டது.

"புது விதை. வேகமா வளரும். போடலாமா?" என்றார் நெல்லையப்பன்.

இந்தச் சிக்கனமான பேச்சைத்தான் எல்லாரும் மேதைமை என்று வியந்தார்கள்.

"சார், நம்ம கடல்ல... சித்திரை..." ஜெசிந்தாவுக்கு மூச்சு அறுந்தது.

"பொறவு பேசுவோம் டாக்டரம்மா," என்றார் சுப்பையா. மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

வெளியே வந்தால், நெல்லையப்பன் தூணைப் பிடித்தபடி இளைத்துக்கொண்டிருந்தார்.

"பழகுன காத்துதான சார்? ஒங்களுக்கு ஏன் எளைக்கி?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"எங்க பழகுனேன்? அங்க கூடாரத்துக்குள்ள நல்ல காத்துதாம்மா. நீங்கதான் பாதிக் காத்துல இப்படி உக்காருதீய. இது இங்க வழக்கம்போலன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சித்திரைச் சூட்டைப் பற்றி முழு வாக்கியங்களில் சொன்னாள்.

"அடடா, இதை ஏன் யாருமே சொல்லல? எல்லாருக்கும் சம்மதம்னுல்லா நெனச்சேன்!"

இருவரும் சுப்பையாவிடம் போனார்கள். காற்றைக் கூட்டச் சொன்னார் நெல்லையப்பன். படுகையைப் பற்றி அடுத்த திங்களன்று தானே பேசுவதாகவும் சொன்னார். சுப்பையா அவரைக் கைகூப்பி அனுப்பிவைத்துவிட்டு, ஜெசிந்தாவிடம் நெகிழ்ந்து சொன்னார்.

"பாத்தீயளா பெருந்தன்மைய? நமக்காக விட்டுக்குடுக்காரு. அதுக்காவ நாம மரியாதையக் கொறைக்கலாமா?"

வளித்திருகியை இன்னும் ஒரு சுற்றுக் குறைத்தார்.

அடுத்த திங்களன்று நெல்லையப்பன் எழுந்து நின்றார். "அந்த விதை..." என்றார். அதற்குமேல் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லாரும் மரியாதையோடு காத்திருந்தார்கள். பிறகு, அவர் விருப்பம் புரிந்ததாகத் தலையசைத்து, மறுநாளே விதைக்கச் சம்மதித்தார்கள்.