குவாரித் தெருவுக்குப் போகாத செய்தி

காட்டுத்தீ அடங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ராய் கெட்டில் வீட்டோடு எரிந்துபோனதற்கு லோர்னாதான் காரணம் என்று எங்கள் ஊர் பேக்கரியில் வரிசையில் நின்றவர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். குவாரித் தெருவின் செல்பேசி எண்களை ஊர் நிர்வாகமான கவுன்சிலுக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. தீ நெருங்கியபோது 'உடனே கிளம்புங்கள்' என்ற கவுன்சிலின் குறுஞ்செய்தி ஊருக்கே வந்தது. அந்தத் தெருவில் ஒருவருக்கும் வரவில்லை.

கணினி மோசடிப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஐல்சாவின் சமையலறையில் லோர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"பட்டியல அனுப்பினேன் ஐல்சா. ஒருத்தரும் நம்பல. வியாழக்கிழமை மரண விசாரணை."

ஐல்சா அவளோடு கவுன்சில் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். தபால்காரர் டீனோவை யாரும் கூப்பிடவில்லை. அதனால் என்ன, வந்துவிட்டார்.

அங்கே புரோகிராமர் கிரெய்க், எல்லாத் தெரு எண்களும் சேர்ந்த அட்டவணையைக் கணினியில் திறந்தான். குவாரித் தெரு முழுவதும் அதில் இருந்தது.

"பட்டியல் வந்திருக்கே! அப்போ செய்தியை யாரோ வேணும்னே நிறுத்தியிருக்காங்க," என்றார் டீனோ.

"உன் வாயை நிறுத்திட்டு நம்பர்ல எத்தனை இலக்கம்னு எண்ணு," என்றாள் ஐல்சா.

"ஒன்பது இலக்கம். மத்த தெருவுக்கெல்லாம் பத்து. நம்ம ஊர் நம்பரெல்லாம் பூஜ்யத்துல தொடங்கும், இதுல மட்டும் முன்னால அது இல்ல."

தெருவுக்கு ஒருவராக அனுப்பிய பதினொரு கோப்புகளையும் ஐல்சா கேட்டு வாங்கினாள். லோர்னாவின் கோப்பில் பூஜ்யம் பத்திரமாக இருந்தது. ஆனால் மற்றவர்கள் நான்கு, மூன்று, மூன்று இலக்கங்களாக எங்கள் ஊர் வழக்கப்படி இடைவெளி விட்டிருந்தார்கள். இவள் மட்டும் சேர்த்து அடித்திருந்தாள்.

"இடைவெளி இருந்தா, பைத்தான் மொழில நீ எழுதின நிரல் அதை எழுத்துன்னு எடுத்துக்குது, கிரெய்க்," என்றாள் ஐல்சா. " இல்லேன்னா கூட்டிக் கழிக்கிற எண்ணுன்னு நெனச்சு முன்னால இருக்கிற பூஜ்யத்தை உதறிடுது. அட்டவணைல எழுத்துக்குத்தான் இடம் வச்சிருக்க. ஆனா அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாலயே பூஜ்யம் போயிடுச்சு. ஒன்பது இலக்கத்துக்கு எந்தச் செய்தியும் போகாது."

கிரெய்க் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கோப்பைப் படிக்கும்போதே எழுத்தாப் படின்னு சொல்லியிருக்கணும். ஒரே வரி."

"பத்து இலக்கம் இல்லாததை அட்டவணை வாங்கவே கூடாதுன்னு இன்னொரு வரி," என்றாள் ஐல்சா.

"இவ ஏன் சேர்த்து அடிச்சா?" டீனோ விடவில்லை.

லோர்னா கைப்பையிலிருந்து கவுன்சில் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். 'எண்களை இடைவெளியின்றி அடிக்கவும்.' கீழே கிரெய்க்கின் கையெழுத்து. பதினொரு தெருவுக்கும் போன கடிதம். பத்துத் தெரு அதைச் சட்டை செய்யவில்லை.

"நானும் இதைக் குப்பைல போட்டிருந்தா," என்றாள் லோர்னா, "ராய் பொழச்சிருப்பாரா?"

விசாரணைகளில் ஐல்சா பொய் சொன்னதில்லை.

"பொழச்சிருப்பார்," என்றாள்.